சவேலி ஒசிபொவிச் கேட்ட வாக்கியம்

ஜன்னலை மூடணுமா சார்? மூடிக்குங்க, எனக்காகப் பார்க்க வேண்டாம். கல்லார் தாண்டினா எல்லாரும் இப்படித்தான் பையில ஸ்வெட்டரைத் தேடுவாங்க. எனக்கு இதெல்லாம் ஒரு குளிரே இல்லை. மாஸ்கோவில இருந்தவன் நான். என் நல்ல வயசு பூராவும் அங்கதான் போச்சு.

இஞ்சினியரா? இல்லை சார். டாக்டரும் இல்லை. அந்தக் காலத்துல ரஷ்யாவுக்குப் போனவன்னா இந்த ரெண்டுல ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க. நான் மொழிபெயர்ப்பாளன். ரஷ்ய மொழியிலேருந்து தமிழுக்கு. நீங்களே சின்ன வயசுல படிச்சிருப்பீங்க. வேன்ல கொண்டுவந்து விப்பாங்களே, கெட்டி அட்டை, உள்ள வண்ணப் படம், கொள்ளை மலிவு. அதுல ஒரு மூலையில பொடி எழுத்துல ‘தமிழாக்கம்: நல்லபெருமாள்’னு இருக்கும். அது நான்தான். பார்த்திருக்க மாட்டீங்க. யாரும் பார்க்கறதில்லை.

உங்களை ஒண்ணு கேக்கறேன். குன்னூர் வர இன்னும் நேரம் இருக்கு. கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க. ஒரு மனுஷன் தன் தொழில்ல நேர்மையா இருந்தா அது தப்பா? மூலத்துல இல்லாத ஒரு சொல்லைக்கூட நான் சேர்த்தவன் இல்லை. சேர்க்கச் சொல்லி ஒருத்தர் கேட்டாரு. மாட்டேன்னுட்டேன். அதாவது, அவர் கிட்ட மாட்டேன்னு சொல்லல. சேர்க்கல, அவ்வளவுதான்.

அவர் பேரு சவேலி ஒசிபொவிச் தூமின். இயற்பியல்காரர். பெரிய ஆளு சார். தாய் ரயில்வேயில துணி துவைச்சவங்க, தகப்பன் சண்டையில போயிட்டாரு. அங்கேருந்து படிச்சு மேல வந்து, நாப்பது வயசுக்குள்ள ஒரு ஆராய்ச்சிக் கூடமே அவர் பொறுப்புல. குளிர்தான் அவர் பாடம். நம்ம ஊட்டிக் குளிர் இல்லை, ஆகாயத்துல நட்சத்திரங்களுக்கு நடுவுல இருக்கிற குளிரைவிடக் குளிர். ஹீலியம் வாயுவை அந்தக் குளிருக்குக் கொண்டுபோனா தண்ணி மாதிரி ஆயிடும். இன்னும் குளிர வெச்சா அது பாத்திரத்துல அடங்கி இருக்காது. தானா சுவர்ல ஏறி, விளிம்பு தாண்டி, வெளிய வந்து சொட்டும். என் கண்ணால பார்த்தேன்.

எப்படிப் பார்த்தேன்னா, அவர் பசங்களுக்காக ஒரு புத்தகம் எழுதியிருந்தாரு. வீட்டுல இருக்கிற தட்டு, டம்ளர், மெழுகுவத்தி வெச்சே செய்யற சோதனைங்க. பெண்டாட்டி பிரசவத்துல போனதுக்கு அப்புறம் தன் பொண்ணுக்கு விளையாட்டு காட்டறதுக்காக ஒண்ணொண்ணா யோசிச்சது. அதைத் தமிழ்ல கொண்டுவரச் சொல்லி நான் வேலை பார்த்த பதிப்பகத்துல என் கிட்ட கொடுத்தாங்க. எனக்குச் சில சந்தேகம். போய்ப் பார்த்தேன். மனுஷன் என்னைக் கையைப் பிடிச்சு ஆராய்ச்சிக் கூடத்துக்கே கூட்டிட்டுப் போயிட்டாரு.

“நல்லா, இங்க வா, குனிஞ்சு பாரு”ன்னாரு. என் முழுப் பேர் அவர் வாயில நுழையாது. ‘நல்லா’தான். “பார்த்தியா? ஏறுது பாரு. யாரும் தள்ளல. உன் மொழியில குளிருக்கு என்ன சொல்லு?”

“குளிர்.”

“அதைவிடக் குளிரா இருந்தா?”

“கடுங்குளிர்.”

“அதுக்கும் மேல?”

“எங்க ஊர்ல அதுக்கும் மேல தேவைப்படல சவேலி ஒசிபொவிச்.”

அப்படிச் சிரிச்சாரு! கூடம் பூரா அந்தச் சிரிப்பு. அவர்கிட்ட வேலை செய்யற பசங்க எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சாரு, பொண்ணையும் கூட்டிக்கிட்டு. பொண்ணு பேரு இன்னா. நீங்க சிரிக்கறீங்க, நானும் சிரிச்சேன். மெட்ராஸ்காரன் எவன் கேட்டாலும் சிரிப்பான். ஆனா அங்க அது பேரு. என் சம்சாரம் மனோன்மணி அதுக்குத் தோசை சுட்டுப் போடுவா. சக்கரை தொட்டுக்கிட்டுத் தின்னும்.

பிடிவாதக்காரர் சார் அவரு. ஒரு பெரிய மேதாவி, விருதெல்லாம் வாங்கினவரு, ஏதோ ஒரு அளவைத் தப்பா எழுதிட்டாருன்னு அவர் முன்னாலேயே எழுந்து நின்னு நிரூபிச்சவரு. அப்ப கை தட்டினாங்க. ஆனா பிடிவாதத்துக்கு எப்பவும் கை தட்ட மாட்டாங்க பாருங்க. அவர் கூட வேலை செஞ்ச யூரான்னு ஒருத்தனைப் பிடிச்சுட்டுப் போனாங்க. ஏதோ படிக்கக் கூடாததை நகல் எடுத்தானாம். இவரு அவனுக்காக எழுதின மனுவுல கையெழுத்துப் போட்டாரு. போடாம இருந்திருக்கலாம். நூறு பேர் போடல. இவர் போட்டாரு.

அப்புறம் கூட்டம் போட்டாங்க. அந்தச் சிரிச்ச பசங்க இருந்தாங்களே, அவங்களையே ஒவ்வொருத்தரா எழுந்து பேச வெச்சாங்க. “எங்க தலைவர் எங்களை ஏமாத்திட்டாரு”ன்னு. அடுத்த வாரம் இவர் போனா ஆராய்ச்சிக் கூடத்துப் பூட்டு மாத்தியிருக்கு. உள்ள அவர் மேல்கோட்டு மாட்டியிருக்கு, அதைக்கூட எடுக்க விடல. கட்டுரைகள்ல அவர் பேரை எடுத்துட்டாங்க. நூலகத்துலேருந்து அவர் குழந்தைங்களுக்கு எழுதின புத்தகமும் போச்சு.

தமிழ்ப் புத்தகம்? அங்கதான் வேடிக்கை. அது அச்சுக் கோத்து முடிஞ்சிருச்சு. அந்த வருஷத்துக்கு இத்தனை தமிழ்ப் புத்தகம்னு திட்டத்துல போட்டாச்சு. ஒண்ணு குறைஞ்சா பதில் சொல்லணும். அதனால அவர் பேரை எடுத்துட்டு ‘ஆசிரியர் குழு’ன்னு போட்டு வெளியிடலாம்னு முடிவு பண்ணினாங்க. என் பேர் அப்படியே இருந்துச்சு. மொழிபெயர்ப்பாளன் எந்த மனுவுலயும் கையெழுத்துப் போடல இல்லையா?

அந்தச் சமயத்துலதான் அவர் என்னைப் பார்க்க வந்தாரு. வீட்டுக்கு வரல. நான் வேலை முடிஞ்சு நடந்து போற பூங்காவுல ஒரு பெஞ்சுல உக்காந்திருந்தாரு. பனி உருகிச் சேறா கிடந்த சமயம். கையில ஐஸ்கிரீம். எனக்கும் ஒண்ணு வாங்கி வெச்சிருந்தாரு. குளிர்ல ஐஸ்கிரீம் திங்கறது அந்த ஊர்ப் பழக்கம்.

“நல்லா, ஒரு உதவி”ன்னாரு.

“சொல்லுங்க.”

“என் பேர் வேண்டாம். பேர் வந்தா உனக்குத் தொல்லை. ஒரே ஒரு வாக்கியம் மட்டும். புத்தகத்துக்கு நடுவுல எங்கேயாவது வெச்சுடு. உன் எழுத்து இங்க யாருக்குத் தெரியும்? என் நாட்டுல நான் சொல்ல முடியாததை உன் மொழியில சொல்லிட்டுப் போறேன். இன்னா வளர்ந்தப்புறம் என்னிக்காவது நீ அவளுக்குப் படிச்சுக் காட்டு.”

“நீங்களே சொல்லலாமே அவகிட்ட?”ன்னேன்.

“இப்ப சொன்னா பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லிடுவா. சின்னப் பொண்ணு. அதுவும் இல்லாம அச்சுல இருக்கணும் நல்லா. சொன்னது காத்துல போயிடும்.”

அந்த வாக்கியத்தைச் சொன்னாரு. காகிதத்துல எழுதித் தரல, எழுதறது ஆபத்து. வாயால சொன்னாரு, ஒரு தடவை. நீளம்கூட இல்லை. என்ன வாக்கியமா? சொல்றேன், பொறுங்க. வரிசையா வரட்டும்.

“சரி”ன்னேன். வேற என்ன சொல்ல முடியும்? எதிர்ல ரெண்டு பேர் குழந்தை வண்டியை வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தாங்க. வண்டியில குழந்தை இருக்கா இல்லையான்னே தெரியல. நான் அந்த வண்டியையேதான் பார்த்துட்டிருந்தேன். பயம்னு சொல்ல மாட்டேன். எச்சரிக்கை.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். இது சரியா? படைச்சவன் எழுதினதை அப்படியே கொண்டுபோறதுதான் என் வேலை. நீங்க சொல்லலாம், படைச்சவரே கேட்டாரேன்னு. ஆனா அவர் இப்ப படைச்சவர் இல்லையே! ஆசிரியர் குழுன்னு போட்டாச்சே. அப்ப யாரோட அனுமதியில நான் சேர்க்கறது? பார்த்தீங்களா, நான் எவ்வளவு நுணுக்கமா யோசிச்சிருக்கேன்னு.

அப்புறம் கலீனா பெத்ரோவ்னான்னு ஒரு அம்மா இருந்தாங்க. எங்க பிரிவுக்கு மேற்பார்வை. ரஷ்யப் பெண்மணி, நம்மளைவிடச் சுத்தமாத் தமிழ் படிப்பாங்க. நான் எதைச் சேர்த்தாலும் அவங்க கண்ணுல படாம போகாது. ஆனா பாருங்க, அந்தத் தடவை அவங்களே என் மேஜைக்கு வந்து, “நல்லபெருமாள், இந்தப் புத்தகத்தோட கடைசிப் படியை நான் பார்க்கப் போறதில்லை. நீங்களே பார்த்து அச்சுக்கு அனுப்பிடுங்க. எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு”ன்னு சொல்லிட்டு, போகாம அங்கேயே கொஞ்ச நேரம் நின்னாங்க. என் முகத்தையே பார்த்துக்கிட்டு. எனக்கு எரிச்சலா வந்துச்சு. அவங்க வேலையையும் என் தலையில கட்டறாங்களேன்னு. அவங்களும் தூமினுக்குப் பழக்கம்தான், ஒரே கட்டடத்துல குடியிருந்தாங்க. இருந்தாலும் சோம்பேறித்தனம் சோம்பேறித்தனம்தானே?

நான் கடைசிப் படியை வரி வரியாப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. ஒரு சொல் கூடல, ஒரு சொல் குறையல. அனுப்பிட்டேன்.

புத்தகம் வந்தப்ப அவர் மீன் குளிர்ப்பதனக் கிடங்குல வேலைக்குச் சேர்ந்திருந்தாரு. இயந்திரம் பார்க்கிற மெக்கானிக். குளிர்ல எத்தனையோ கண்டுபிடிச்ச மனுஷன், மீன் கெடாம பார்த்துக்கிட்டு இருந்தாரு. எங்க வீட்டுக்கு வந்தப்ப வாடை தூக்குச்சு. அவருக்கே கூச்சம். உள்ள வரல, வாசல்லயே நின்னு, “வந்துருச்சாமே?”ன்னாரு. ஒரு பிரதி கொடுத்தேன். கையைச் சட்டையில துடைச்சுட்டு வாங்கினாரு.

“எங்க?”ன்னாரு.

நீங்க என்ன செய்வீங்க சார் அந்த இடத்துல? வெக்கலேன்னு சொல்வீங்களா, அந்த முகத்தைப் பார்த்துக்கிட்டு? நான் ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு வரியில விரலை வெச்சு, “இங்க”ன்னேன்.

குனிஞ்சு பார்த்தாரு. விரலால தடவினாரு. “எவ்வளவு வட்டம் வட்டமா இருக்கு உங்க எழுத்து. படி நல்லா. சத்தமாப் படி”ன்னாரு.

படிச்சேன். ‘இப்போது டம்ளரைத் தைரியமாகக் கவிழ்க்கவும். தண்ணீர் கொட்டாது.’ நிறையத் தண்ணி ஊத்தி, மேல அட்டையை வெச்சுக் கவிழ்க்கிற சோதனை, தெரியுமில்ல? அந்த வரிதான் என் விரலுக்குக் கீழ இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாரு. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாரு. படிச்சேன். என்னைக் கட்டிப் பிடிச்சாரு. சட்டையெல்லாம் மீன் வாடை. மனோன்மணி அன்னிக்கே அதை ஊற வெச்சா.

ஒரு மனுஷனுக்கு நான் கொடுத்த சந்தோஷத்தைப் பாருங்க. அதுக்கப்புறம் அவருக்கு என்ன இருந்துச்சு? ஒண்ணும் இல்லை. கொஞ்ச நாள்ல மாஸ்கோவை விட்டே போகச் சொல்லி, தூரத்துல ஒரு ஊர்ல இதே மாதிரி ஒரு கிடங்குக்கு அனுப்பிட்டாங்க. அவர் கூட அந்தப் புத்தகம் போச்சு. யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து, “இதுல நான் ஒண்ணு சொல்லியிருக்கேன்”னு காட்டுவாராம். பொண்ணு என்னன்னு கேட்டா, “வளர்ந்ததும் இந்தியாவுக்குப் போ, நல்லா மாமா படிச்சுக் காட்டுவாரு”ன்னு விளையாட்டா சொல்வாராம். அவள் நிஜமாவே வளர்ந்தா. ஆனா அவர் சொல்லறதுக்குள்ள கிடங்குக்குள்ளேயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. போயிட்டாரு.

இதெல்லாம் இன்னா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அதுக்கு முன்னாலேயே மெட்ராஸ் திரும்பிட்டேன். அந்த நாடே உடைஞ்சு போனதுக்கு அப்புறம் ஒரு நாள், ரஷ்யாக்காரங்க பெரிய பெரிய பையோட பெரியமேட்டுல தோல் சட்டை வாங்க வருவாங்களே, ஊர்ல கொண்டுபோய் விக்கறதுக்கு, அப்படி வந்தா. விஞ்ஞானி மகள், மூட்டை தூக்கற வியாபாரம். என் விலாசத்தை எப்படியோ கண்டுபிடிச்சு வந்து நின்னா. தகப்பன் முகம் அப்படியே. பையிலேருந்து எடுத்தா சார் அந்தப் புத்தகத்தை. அட்டை போயிருச்சு. அந்தப் பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பாயிருந்துச்சு.

“படிங்க மாமா”ன்னா.

படிச்சேன். உச்சரிப்பெல்லாம் சுத்தமா.

“என்ன அர்த்தம்?”

டம்ளர்னு எப்படிச் சொல்வேன்? ஒரு நொடி யோசிச்சேன். ரஷ்ய மொழியில சொன்னேன், “என் மகளே, உலகமே தலைகீழாப் போனாலும் நான் உன் கூட இருப்பேன்”னு. அழகா வந்துச்சு. மூலத்திலேருந்து ரொம்ப விலகவும் இல்லை பாருங்க, கவிழ்க்கறது, கொட்டாம இருக்கறது, ரெண்டும் வந்துருச்சு. அவள் தரையில உக்காந்து அழுதா. என் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. மனோன்மணி சமையல்கட்டு வாசல்ல நின்னு பார்த்துட்டு உள்ள போயிட்டா. அவளுக்கும் ரஷ்ய மொழி வரும், தமிழும் வரும். அன்னிக்கு அவள் சாப்பிடல. பித்தம்னா.

இன்னா ஊருக்குப் போய், கல்லறையில தகப்பன் பேருக்குக் கீழ அந்த வரியைத் தமிழ்லயே வெட்டிட்டா. போட்டோ அனுப்பினா. அந்தக் கல்தச்சனுக்கு என்ன தெரியும், ‘கவிழ்க்கவும்’ல ழகரத்துக்குப் புள்ளி இல்லை. எனக்குத் தாங்கல. உடனே எழுதினேன், புள்ளியை வைக்கச் சொல்லி. வெச்சாங்க.

அதோட எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கணும். முடிஞ்சும் இருந்துச்சு, இத்தனை வருஷம். ஆனா இப்ப நம்ம ஊர்ப் பிள்ளைங்க டாக்டருக்குப் படிக்கறேன்னு ரஷ்யாவுல எல்லா ஊருக்கும் போயிடுதுங்களே! அந்த ஊருக்கும் போயிருக்குங்க. அந்தக் கல்லறைப் பக்கமா நடந்து போறப்ப தமிழ் எழுத்தைப் பார்த்து, போட்டோ எடுத்து, விழுந்து விழுந்து சிரிச்சிருக்குங்க. அப்ப பூ வைக்க வந்த இன்னா பார்த்துட்டா. ஏன் சிரிக்கறீங்கன்னு கேட்டிருக்கா. தர்மபுரிப் பொண்ணு ஒண்ணு, பாவம், பொய் சொல்லத் தெரியாத பொண்ணு போல, அர்த்தத்தைச் சொல்லிடுச்சு.

போன வாரம் எனக்கு போன் வந்துச்சு. கோபமாப் பேசியிருந்தா நான் சமாளிச்சிருப்பேன் சார். எனக்குப் பதில் இருக்கு. மூலம், நேர்மை, எல்லாம் சொல்லியிருப்பேன். அவள் கோபப்படல.

“பரவாயில்லை மாமா. அந்தக் காலம் எப்படின்னு எனக்குத் தெரியாதா? உங்களுக்கும் குடும்பம் இருந்துச்சு. வெக்க முடியலேன்னா முடியல. அப்பாவே புரிஞ்சுக்கிட்டிருப்பாரு”ன்னா. அப்புறம், “ஆனா அவர் உங்ககிட்ட சொன்னாரு இல்லையா? வாயால சொன்னாரு இல்லையா? அது என்ன வாக்கியம்? அதை மட்டும் சொல்லுங்க. கல்லை மாத்திக்கறேன்”னா.

“வரிசைப்படி ஞாபகப்படுத்திச் சொல்றேன்மா”ன்னு போனை வெச்சுட்டேன்.

நீங்களும் அப்பவே கேட்டீங்க, என்ன வாக்கியம்னு. சொல்றேன்னேன். சார், எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அந்தப் பெஞ்சுல பச்சை பெயிண்ட் உரிஞ்சிருந்துச்சு. ஐஸ்கிரீம் அட்டைக் கிண்ணத்துல. அவர் தொப்பியோட காது மடல் ஒண்ணு கீழ தொங்குச்சு. அந்தக் குழந்தை வண்டி நீலம். ‘கவிழ்க்கவும்’னு போடறதா ‘தலைகீழாகத் திருப்பவும்’னு போடறதான்னு நான் ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டது ஞாபகம் இருக்கு. அவர் வாய் அசையறது அப்படியே தெரியுது. வாக்கியம் மட்டும் வரல. ஏதோ ஆறு வருது அதுல. இல்லை, ஆறுன்னு நானா நினைச்சுக்கறேனோ என்னவோ.

மனோன்மணிகிட்ட கேட்டேன், அன்னிக்கு உங்கிட்ட வந்து சொன்னேனான்னு. “ஒரு பைத்தியக்காரன் கிட்ட மாட்டிக்கிட்டேன்னு சொன்னீங்க. அதுதான் சொன்னீங்க. வாக்கியத்தைச் சொல்லல”ன்னா. சொல்லிட்டுப் பெட்டி கட்டிக்கிட்டு மகன் வீட்டுக்கு வந்துட்டா. குன்னூர்ல இப்ப குளிர் நல்லா இருக்குமாம். அதான் நானும் போயிட்டிருக்கேன்.

கலீனா பெத்ரோவ்னா இருந்தா அவங்களைக் கேக்கலாம். அவருகிட்ட பழகினவங்க, அவங்ககிட்டயும் இந்த மாதிரி ஏதாவது சொல்லியிருப்பாரு. அவங்களும் போய்ச் சேர்ந்தாச்சு. வேற யார் கேட்டது அதை? நான் ஒருத்தன்தான். அவரு, அப்புறம் நான்.

ஞாயித்துக்கிழமை மறுபடியும் கூப்பிடறேன்னு செய்தி அனுப்பியிருக்கா. கல்தச்சன்கிட்ட சொல்லி வெச்சுட்டாளாம்.

உங்களுக்குப் பொண்ணு இருக்கா சார்? இருக்கா? நல்லது. அப்ப உங்களுக்குத் தெரியும். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணுக்கு ஒரே ஒரு வாக்கியம் விட்டுட்டுப் போகணும்னா நீங்க என்ன சொல்வீங்க? புத்தகத்துல வர்ற மாதிரி வேண்டாம். அவர் அப்படிப் பேசற ஆளு இல்லை. சாதாரணமா, சின்னதா. அவசரமில்லை, ஊர் வர்றதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க.

ரஷ்ய மொழியில மாத்தறதை நான் பார்த்துக்கறேன்.